வெள்ளை எழுத்து டயர் ஏன் பழுப்பேறுகிறது, எப்படித் துலக்குவது

பாறசாலையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கும் கேள்வி இது. அவர் சென்ற ஆண்டு பழைய கான்டெசா கார் ஒன்றை வாங்கியிருக்கிறார். முந்தைய உரிமையாளர் அதில் வெளிநாட்டு வெள்ளை எழுத்து டயர்கள், அதாவது பக்கவாட்டில் பெயர் வெள்ளை எழுத்தில் மேடாக நிற்கும் டயர்கள், நான்கைப் பொருத்தி வைத்திருந்தார். வாங்கிய நாளில் பால் போலிருந்த எழுத்துகள், ஒரு மழைக்காலம் கழிந்ததும் தேயிலைச் சாயம் பட்டதுபோல் பழுத்துவிட்டன. வண்டி கழுவும் இடத்தில் பிளீச்சிங் பவுடர் போடச் சொல்கிறார்கள். நண்பர் ஒருவர் மண்ணெண்ணெயில் துடைத்தால் போதும் என்கிறார். இன்னொருவர் வெள்ளைப் பெயின்டால் எழுத்துகளை நிரப்பிவிடலாம் என்கிறார். மூன்றில் எதைச் செய்வது என்பதே அவருடைய கேள்வி.

மூன்றையும் செய்ய வேண்டாம். மார்த்தாண்டத்தில் டயர் வேலையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்தவன் என்ற முறையிலும், அருமனைப் பக்கம் ரப்பர் மரங்களுக்கு நடுவில் வளர்ந்தவன் என்ற முறையிலும் இதைச் சொல்கிறேன். அந்த மூன்று வழிகளும் முதல் நாள் நல்ல பலனைக் காட்டும். ஓர் ஆண்டுக்குள் டயரைக் கெடுக்கும். கான்டெசா போன்ற வண்டிக்குப் பொருந்தும் வெள்ளை எழுத்து டயர் இப்போது எளிதில் கிடைப்பதும் இல்லை. 2020 ஜூன் மாதத்தில் மத்திய அரசு புதிய டயர்களின் இறக்குமதியைக் கட்டுப்படுத்திய பிறகு, கையில் இருப்பதைக் காப்பாற்றுவதே முக்கிய வேலையாகிவிட்டது.

ஆனால் காப்பாற்றத் தகுந்த டயர்தானா என்பதை முதலில் பாருங்கள். டயரின் பக்கவாட்டில் ‘டிஓடி’ (DOT) என்று தொடங்கும் ஓர் எழுத்துத் தொடர் இருக்கும். அதன் கடைசி நான்கு இலக்கங்களே டயரின் பிறந்த நாள். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். நான்குக்குப் பதில் மூன்றே இலக்கங்கள் இருந்தால், அது 2000ஆம் ஆண்டுக்கு முந்தைய டயர். எழுத்து எவ்வளவு வெண்மையாக இருந்தாலும் அதில் ஓட்டக் கூடாது. முழுத் தொடர் டயரின் ஒரு பக்கத்தில் மட்டுமே இருப்பதும் உண்டு. வெளிப்பக்கம் காணவில்லை என்றால் வண்டியைத் தூக்கி உள்பக்கம் பார்க்க வேண்டும். ஆறு ஆண்டுகள் கடந்த டயரை ஆண்டுதோறும் கழற்றி உள்ளும் வெளியும் சோதிப்பதும், பத்து ஆண்டுகள் கடந்ததை, சாலையில் படும் பட்டன் தேயாமல் இருந்தாலும், மாற்றிவிடுவதும் பொதுவான நடைமுறை. பழைய கார்கள் அதிகம் ஓடுவதில்லை. அதனால் அவற்றின் டயர்கள் தேய்வதற்கு முன்பே கிழமாகிவிடுகின்றன. எழுத்துகளைச் சுற்றி மயிரிழை போன்ற வெடிப்புகள் தெரிந்தால், துலக்கும் பேச்சை விட்டுவிட்டுப் புது டயரைத் தேடத் தொடங்குங்கள்.

டயர் நல்ல நிலையில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு மேலே சொல்கிறேன். பழுப்பு நிறம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால் எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்பது பெரும்பாலும் தானாகவே விளங்கிவிடும். சாலையின் செம்மண்ணும் பிரேக் தூளும் சேர்ந்த அழுக்கு வெளியிலிருந்து வருவது. அது சோப்புக்குப் போய்விடும். நீங்கள் சொல்லும் தேயிலைச் சாய நிறம் டயரின் உள்ளிருந்து கசிந்து வருவது.

நம் ஊரில் ரப்பர்ப் பால் வெட்டும் வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்த செய்தி ஒன்று உண்டு. சிரட்டையில் விழும்போது வெள்ளையாக இருக்கும் பால், ஆசிட் விட்டு உறையவைத்து, உருளையில் ஓட்டி, புகையிட்டு உலர்த்தும் புகைப்புரையில் தொங்கவிட்டு எடுக்கும்போது பழுப்பு ஷீட்டாக வெளிவருகிறது. அதே ஷீட்டை நாள்கணக்கில் வெயிலில் போட்டுவைத்தால் மேற்பரப்பு பிசுபிசுத்துக் கெட்டுப்போகும். வெயிலும் காற்றும் ரப்பருக்கு ஆகாதவை. காற்றில் மிகச் சிறிய அளவில் இருக்கும் ஓசோன் வாயுவும், இழுபட்டு நிற்கும் ரப்பரைத் தாக்கி வெடிக்கச் செய்யும். டயரின் பக்கவாட்டுப் பகுதி ஒவ்வொரு சுற்றிலும் வளைந்து நிமிர்வது. ஆகவே அது எப்போதும் ஓசோனின் இலக்காகவே இருக்கிறது. இதைத் தடுப்பதற்காக, கறுப்பு ரப்பர்க் கலவையில் ஒரு வகை மெழுகையும், பினிலீன்டையமின் வகையைச் சேர்ந்த காப்புப் பொருளையும் ஆலையில் கலக்கிறார்கள். இவை ரப்பருக்குள் அடைந்து கிடப்பதில்லை. மெல்ல மெல்ல மேற்பரப்புக்கு ஊறி வந்துகொண்டே இருக்கும். அங்கே வந்ததும் அந்தக் காப்புப் பொருள் ரப்பருக்கு முன்பாகத் தானே ஓசோனை எதிர்கொண்டு பழுப்பாக மாறுகிறது. பழைய டயர்களின் கறுப்பு மேற்பரப்பு சில சமயம் காப்பித்தூள் நிறத்தில் தெரிவதும் இதனால்தான். உங்கள் எழுத்துகளைக் கெடுத்த அந்தப் பழுப்பே டயரின் உயிரைக் காக்கும் மருந்தும் ஆகும். அதை அடியோடு உறிஞ்சி எடுத்துவிட நினைப்பது, வீட்டுச் சுவர் அழகாக இருக்க வேண்டும் என்று கூரையைப் பிரிப்பதற்குச் சமம்.

அப்படியானால் வெள்ளை எழுத்து எப்படி வெள்ளையாகவே இருக்கிறது? அது பெயின்ட் அல்ல; தனி ரப்பர். கறுப்பு ரப்பருக்கு நிறமும் வலிமையும் தருவது அதில் கலக்கும் கரித்தூள். கரித்தூள் கலந்தால் ரப்பர் உறுதியாகும் என்று இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கண்டறியப்படும் வரை டயர்கள் முழுவதுமே வெளிர் நிறத்தில்தான் இருந்தன. வெள்ளை ரப்பரில் கரிக்குப் பதிலாக டைட்டானியம் டை ஆக்சைடும் வெண்களிமண்ணும் துத்தநாக ஆக்சைடும் சேர்ப்பார்கள். கறைபடுத்தாத வகைக் காப்புப் பொருளையே இடுவார்கள். பக்கத்திலுள்ள கறுப்பு ரப்பரிலிருந்து பழுப்பு ஊறி வராமல் தடுப்பதற்காக, எளிதில் எதையும் ஊடுருவ விடாத குளோரோபியூட்டைல் போன்ற செயற்கை ரப்பர்களைக் கலப்பார்கள். இந்த வெள்ளைப் பட்டையைப் பக்கவாட்டில் பதித்து, மேலே மெல்லிய கறுப்புத் தோல் ஒன்றைப் போர்த்தி வேகவைப்பார்கள். அச்சிலிருந்து எடுத்த பிறகு, மேடாக நிற்கும் எழுத்துகளின் மேல்தோலை மட்டும் இயந்திரத்தில் தேய்த்து எடுத்தால் அடியிலிருக்கும் வெள்ளை வெளிப்படும். அமெரிக்காவில் பந்தயக் கார்களைப் பார்த்து வளர்ந்து, 1960களின் பிற்பகுதியிலும் 1970களிலும் வேகக் கார்களின் அடையாளமாகவே மாறிய அந்த எழுத்துகளுக்குப் பின்னால் உள்ள வேலை இதுதான்.

இதிலிருந்து இரண்டு செய்திகள் தெரிகின்றன. உங்கள் டயரிலுள்ள வெள்ளை ஓர் அளவுள்ள சரக்கு. ஒவ்வொரு முறை தேய்க்கும்போதும் அதில் சிறிது செலவாகிறது. அடுத்தது, எவ்வளவு நன்றாகத் துலக்கினாலும் பழுப்பு மீண்டும் வரும், ஏனென்றால் அதன் ஊற்று டயருக்குள்ளேயே இருக்கிறது. ஆகவே ஆண்டுக்கு ஒரு முறை வலுவாகத் தேய்ப்பதைவிட, பதினைந்து நாளுக்கு ஒரு முறை மென்மையாகக் கழுவுவது பல மடங்கு நல்லது.

இப்போது அந்த மூன்று யோசனைகளைப் பார்ப்போம். மண்ணெண்ணெயும் பெட்ரோலும் ரப்பரை என்ன செய்யும் என்பதை நாம் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன் என்பதே பெட்ரோல் வகைக் கரைப்பானில் கரைத்த ரப்பர்தான். டயர் ரப்பர் கந்தகத்தோடு வேகவைக்கப்பட்டதால் கரையாது. ஆனால் எண்ணெயைக் குடித்து உப்பும், காயும்போது தன்னுள் இருந்த மெழுகையும் காப்புப் பொருளையும் வெளியே விட்டுவிடும். அந்தப் பழுப்பு முழுவதும் எழுத்தின் மேலேயே வந்து படியும். துடைத்த அன்று வெண்மை, மறு வாரம் முன்னைவிட அடர்ந்த கறை என்பதே இதன் வரலாறு. டீசல், பழைய இன்ஜின் ஆயில், தேங்காய் எண்ணெய் என்று டயருக்குப் பளபளப்பு ஏற்றப் பூசுகிறவை எல்லாம் இதே கணக்கில் சேரும். பிளீச்சிங் பவுடர் கறையின் நிறத்தை அழிக்கும். கூடவே ரப்பரின் மேல்தோலையும் தாக்கி வறட்டும். வறண்ட தோல் அழுக்கை விரைவாகப் பிடிக்கும், பிறகு மஞ்சளாகும். அதன் குளோரின் ரிம்மின் குரோம் பூச்சையும் அலுமினியத்தையும் அரிக்கும் என்பதால், தேங்காய்ப்பட்டணம், குளச்சல் போன்ற கடற்கரை ஊர்களில் உப்புக்காற்றோடு போராடிக்கொண்டிருக்கும் வண்டிகளுக்கு அது இரட்டைத் தீங்கு.

இதை நான் ஏட்டில் படித்து மட்டும் சொல்லவில்லை. தொழில் கற்றுக்கொண்டிருந்த காலத்தில், கல்யாண ஊர்வலத்துக்குப் போக வேண்டிய அம்பாசடர் ஒன்று வந்தது. அதில் அகலமான வெள்ளைப் பட்டை போட்ட டயர்கள். மாலைக்குள் வெள்ளையாக்கித் தர வேண்டும் என்றார்கள். நான் பெட்ரோலில் நனைத்த துணியாலும் இரும்புக் கம்பி பிரஷ்ஷாலும் நான்கையும் தேய்த்துப் பளிச்சென்று ஆக்கிக் கொடுத்தேன், எல்லோரும் பாராட்டினார்கள். மூன்று வாரம் கழித்து அந்த வண்டி திரும்பி வந்தபோது பட்டை முழுவதும் பழுப்புத் திட்டுகள், பிரஷ் கீறிய கோடுகளுக்குள் கரும் அழுக்கு, ஓரிடத்தில் வெள்ளையே தேய்ந்து அடியிலிருந்த கறுப்பு எட்டிப் பார்த்தது. உரிமையாளர் ஒரு சொல்லும் கடிந்து பேசவில்லை. அந்த டயர்களைப் பார்த்தபடி அவர் நின்ற நிலை எனக்கு இன்றும் மறக்கவில்லை. அதன் பிறகு வெள்ளை ரப்பரின் மேல் நான் கம்பி பிரஷ் வைத்ததே இல்லை.

சரியான முறை பொறுமையானது, செலவு குறைந்தது. வண்டியை நிழலில் நிறுத்தி, டயர் முழுவதும் குளிரும் வரை காத்திருங்கள். சூடான ரப்பரின் மேல் சோப்பு உடனே காய்ந்து திட்டாகிவிடும். முதலில் ரிம், கறுப்பு ரப்பர், எழுத்து எல்லாவற்றையும் வெறும் தண்ணீரால் நன்றாகக் கழுவி மண்ணை நீக்குங்கள். நம் பக்கத்துச் செம்மண்ணில் நுண்ணிய மணல் கலந்திருக்கும்; அதைக் கழுவாமல் தேய்த்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதற்குச் சமம். பிறகு கார் கழுவும் சாதாரண ஷாம்புவில் முழு டயரையும் நைலான் முடி கொண்ட மென்மையான பிரஷ்ஷால் தேயுங்கள். எழுத்தை மட்டும் தேய்த்துவிட்டுச் சுற்றியுள்ள கறுப்பை விட்டுவிடுவதுதான் பெரும்பாலோர் செய்யும் பிழை. சுற்றியுள்ள கறுப்பில் படிந்திருக்கும் பழுப்புப் படலமும் பழைய பாலிஷும் அடுத்த மழையில் வழிந்து மீண்டும் எழுத்தின் மேல்தான் வந்து சேரும். நுரை காப்பி நிறத்தில் வருவது நின்று வெள்ளையாக வரும் வரை, இரண்டோ மூன்றோ முறை, இப்படிக் கழுவ வேண்டும்.

இதற்குப் பிறகும் நிற்கும் கறைக்குத்தான் எழுத்தை மட்டும் தனியாகக் கவனிப்பது. பாத்திரம் துலக்கும் சோப்புக்கட்டியை ஈரமான பச்சை ஸ்கிரப்பரில் தொட்டு, எழுத்தின் நீளவாக்கில், விரலழுத்தம் மட்டும் கொடுத்துத் தேயுங்கள். அந்தச் சோப்பில் உள்ள மென்மையான தூளே வேலையைச் செய்யும். கையின் பலம் தேவையில்லை. சுவர்க் கறை துடைக்க விற்கும் வெள்ளை மெலமின் பஞ்சு கிடைத்தால் அது இன்னும் நல்லது, ஏனென்றால் அது எழுத்தின் மேல்முகத்தை மட்டும் மிக மெல்லியதாகத் தேய்க்கும். ஓர் எழுத்துக்கு ஒரு துண்டு கரைந்துபோகும், அதைப் பொருட்படுத்த வேண்டாம். இரும்பு ஸ்கிரப்பர் விரைவாக வெளுக்கும் என்பது உண்மைதான். ஆனால் அதிலிருந்து உதிரும் நுண்ணிய இழைகள் ரப்பரில் சிக்கி, நம் ஊர் ஈரக்காற்றில் இரண்டே நாளில் துருப்பிடித்து ஆரஞ்சுப் புள்ளிகளாக நிற்கும். தேங்காய் நார் கறுப்புப் பகுதிக்குப் பரவாயில்லை, எழுத்துக்கு வேண்டாம். அது கையை விட்டு எழுத்தின் விளிம்பில் ஏறிவிடும். எழுத்தின் அழகே அந்தக் கூரிய விளிம்பில்தான் இருக்கிறது.

கல்லிலோ கையாலைச் சுவரிலோ உரசி ஏற்பட்ட கருங்கோடுகள் சோப்புக்குப் போகாமல் நின்றால், கடைசி வழியாக 400 எண் தண்ணீர் உப்புத்தாளைப் பயன்படுத்தலாம். சிறிய தட்டையான மரத்துண்டிலோ அழிரப்பரிலோ தாளைச் சுற்றி, தண்ணீரும் சோப்பும் விட்டு, கோடு மறையும் வரை மட்டும் தேய்த்து நிறுத்திவிடுங்கள். விரலில் சுற்றித் தேய்த்தால் எழுத்தின் நடுவில் குழி விழும். இதை ஒரு டயரின் வாழ்நாளில் இரண்டு மூன்று முறைக்கு மேல் செய்யக் கூடாது என்பது என் கருத்து.

கழுவி முடித்த பிறகு பூசுவதில்தான் பலர் தங்கள் உழைப்பையே அழித்துவிடுகிறார்கள். கண்ணாடி போல் மின்னவைக்கும் எண்ணெய்ப்பிசுக்குள்ள டயர் பாலிஷ்களில் பல, பெட்ரோலிய கரைப்பானில் சிலிகான் எண்ணெயைக் கலந்தவை. அந்தக் கரைப்பான் பழுப்பை மேலே இழுத்து வரும். எண்ணெய் தூசியைப் பிடித்துவைக்கும். பளபளப்பு வேண்டும் என்றால் தண்ணீரில் கலந்த, பால் போன்ற வகையை வாங்கி, துணியில் தொட்டுக் கறுப்பில் மட்டும் மெல்லியதாகப் பூசி, பத்து நிமிடம் கழித்து உலர்ந்த துணியால் மிச்சத்தைத் துடைத்து எடுங்கள். டயரின் மேல் நேரடியாகத் தெளிக்க வேண்டாம். எழுத்துக்கு எதுவும் வேண்டியதில்லை. சுத்தமான தண்ணீர் போதும். எதுவுமே பூசாமல், கழுவி உலர்ந்த ரப்பரின் மங்கிய கறுப்புக்கு நடுவில் நிற்கும் வெள்ளை எழுத்தே என் கண்ணுக்கு அழகு.

பெயின்ட் பற்றிய யோசனைக்கு வருகிறேன். எனாமல் பெயின்ட் காய்ந்தால் விறைப்பாகிவிடும். டயரோ ஒவ்வொரு சுற்றிலும் வளைகிறது. முதல் நூறு கிலோமீட்டரிலேயே விரிசல் விட்டு, ஓரம் ஓரமாக உரியத் தொடங்கும். பெயின்டில் உள்ள தின்னர் ரப்பருக்குப் பகை என்பதோடு, அடியிலிருந்து ஊறும் பழுப்பு அதன் வழியாகவும் மேலே வரும். உண்மையான வெள்ளை ரப்பரின் மேல் பெயின்ட் பூசுவது எந்த நிலையிலும் தேவையற்றது. சாதாரணக் கறுப்பு எழுத்து டயரில் வெள்ளை எழுத்து வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களுக்கு, டயருக்கென்றே விற்கும் அக்ரிலிக் பேனாக்கள் சில மாதம் தாங்கும். அதை அலங்காரமாக மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். உங்களுடையது உண்மையிலேயே வெள்ளை ரப்பர்தானா, முந்தைய உரிமையாளர் பேனாவால் எழுதியதா என்ற ஐயம் இருந்தால், ஓர் எழுத்தின் கண்ணில் படாத மூலையை அந்த 400 எண் தாளால் இரண்டு முறை இழுத்துப் பாருங்கள். அடியிலும் வெள்ளையே தெரிந்தால் ரப்பர். கறுப்பு தெரிந்தால் பெயின்ட்.

வண்டியை நிறுத்தும் இடமும் எழுத்தின் நிறத்தைத் தீர்மானிக்கிறது. நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கும் பாறசாலைப் பக்கத்துக்கும் தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை என இரண்டும் உண்டு. நனைவதும் காய்வதும் மாறி மாறி நடப்பதால், கறுப்புப் பகுதியிலிருந்து கசியும் பழுப்பு தண்ணீரோடு வழிந்து எழுத்தில் கோடுகளாக நிற்கும். மழையில் ஓட்டிவிட்டு வந்தால், காய்வதற்குள் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றித் துடைத்துவிட்டாலே பாதிக் கறை தவிர்ந்துவிடும். உங்கள் வண்டி ஒரு மழைக்காலத்தில் பழுத்ததற்கு இதுவே பெரிய காரணமாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். வெல்டிங் நடக்கும் இடத்துக்கோ, ஓயாமல் ஓடும் மோட்டாருக்கோ அருகில் வண்டியை நிறுத்தாதீர்கள். மின்பொறி பறக்கும் இடங்களில் ஓசோன் உண்டாகும். மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நிறுத்திவைத்தால், டயர் வளையாததால் உள்ளிருக்கும் மெழுகு போதிய அளவில் மேலே வராது, வெடிப்பு விரைவில் தொடங்கும். ஆகவே இரண்டு வாரத்துக்கு ஒரு முறையாவது களியக்காவிளை வரை ஓட்டிவிட்டு வாருங்கள். காற்றையும் குறைய விடாதீர்கள். காற்று குறைந்தால் பக்கவாட்டுப் பகுதி அளவுக்கு மீறி மடங்கும்.

டயரைக் கழற்றி வைக்க நேர்ந்தால் ஒன்றன்மேல் ஒன்றாக எப்படியோ அடுக்கிவிடக் கூடாது. வெள்ளை முகம் வெள்ளை முகத்தைப் பார்த்தும், கறுப்பு முகம் கறுப்பு முகத்தைப் பார்த்தும் இருக்க வேண்டும். வெள்ளை எழுத்தின் மேல் இன்னொரு டயரின் கறுப்புப் பக்கம் அழுந்திக் கிடந்தால், ஊறிய பழுப்பு ஆழமாக இறங்கிவிடும். அந்தக் கறை எந்தச் சோப்புக்கும் போகாது. புதிதாக வாங்கும் டயர்களில் எழுத்தின் மேல் நீல நிறப் பூச்சு ஒன்று இருப்பதும் இதற்காகத்தான். பொருத்தும் வரை அதைத் தொடாதீர்கள். பொருத்திய அன்றே வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவிவிடுங்கள். வெயிலில் பல நாள் விட்டால் அது பிடித்துக்கொண்டு வர மறுக்கும். பொருத்தும் கடையில் கிரீஸ் தடவி ஏற்ற முயன்றால் தடுத்து, சோப்புத் தண்ணீர் மட்டும் போடச் சொல்லுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு டயரின் எழுத்து மட்டும் மீட்க முடியாமல் போனால் கவலைப்பட வேண்டாம். இவ்வகை டயர்களில் பெரும்பாலும் மறுபக்கம் வெறும் கறுப்பு எழுத்தாகவே இருக்கும். சுழலும் திசையைக் காட்டும் அம்புக்குறியோ, எது வெளிப்பக்கம் என்று சொல்லும் குறிப்போ இல்லையென்றால், நான்கையும் கழற்றித் திருப்பிப் போட்டு, கறுப்பு முகத்தை வெளியே காட்டி ஓட்டலாம். நான்கில் மூன்று வெளுத்தும் ஒன்று பழுத்தும் நிற்பதைவிட, நான்கும் கறுப்பாக இருப்பது அந்த வண்டிக்கு மரியாதை. உங்கள் டயர்கள் அந்த நிலைக்கு வந்ததாகத் தெரியவில்லை. முதலில் அந்த நான்கு இலக்கங்களைப் பாருங்கள். பிறகு ஒரே ஓர் எழுத்தில் மட்டும் சோப்புக்கட்டியை வைத்துத் தேய்த்துப் பார்த்துவிட்டு, என்ன நிறம் வந்தது என்று எனக்கு எழுதுங்கள்.